கூர் ஏற வேண்டும், இரும்பு குறையக் கூடாது: வீட்டுச் சாணைத் தொழில் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

என் வீட்டின் பின்பக்க அறையில் சாணை பிடிக்கும் வேலையைத் தொடங்கி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். வந்த கருவி எது, என்ன நிலையில் வந்தது, எந்தக் கல்லில் எவ்வளவு நேரம் ஆனது, போகும்போது எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வீட்டிலிருந்தே இந்தத் தொழிலைத் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னால் காட்ட முடிந்த நேர்மையான சான்று அந்த ஏடுதான். அதில் நன்றாகப் போன நாட்களும் உண்டு, அடுத்தவர் கருவி ஒன்றை நான் கெடுத்த நாளும் உண்டு. அந்த நாளுக்குப் பிறகுதான் தொழில் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடங்கும்போது என்னிடம் இருந்தவை மிகக் குறைவு. 150 மி.மீ. சக்கரம் பூட்டிய ஒரு மேசை கிரைண்டர், ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று (எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) இரு முகம் கொண்ட நீர்க்கல், பழைய பெல்ட்டை மரக்கட்டையில் ஒட்டிச் செய்த தோல் பட்டை. சொந்தக் கத்திகளைப் பல வருடம் கையால் தீட்டிய பழக்கம் இருந்தது. தீட்டிய கத்தி தாளைச் சத்தமில்லாமல் கிழித்துக்கொண்டு இறங்கும், அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் தங்கள் கத்திகளையும் கொடுத்தார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது.

கூர் என்பது என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு அது. மழுங்கிய கத்தியில் அந்தக் கோடு உருண்டிருக்கும். விளக்கின் கீழே வாயை நேராகப் பார்த்தால் ஒரு வெள்ளைக் கீற்று மின்னும். கூரான வாயில் ஒளி தங்க இடமில்லாததால் எதுவும் தெரியாது. ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால், சரிவு அந்தக் கோட்டைத் தொட்ட கணத்தில் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். கத்தியின் முதுகுப்பக்கத்திலிருந்து வாயை நோக்கி, வெளிப்புறமாகக் கட்டை விரலை மெதுவாக இழுத்தால் நகத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு சொரசொரப்பு தட்டும். குதிகாலிலிருந்து, அதாவது பிடியை ஒட்டிய அடிமுனையிலிருந்து, நுனி வரை அது விடாமல் இருக்க வேண்டும். எங்கே இல்லையோ அங்கே வேலை முடியவில்லை. பிசிறு எழுந்த பிறகும் அதே பக்கத்தைத் தேய்ப்பது வெறும் இரும்பு விரயம். இந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் அறிந்திருந்தேன், ஆனால் உணர்ந்திருக்கவில்லை.

நீலம் பாய்ந்த நாள்

நான்காவது மாதம். தச்சு வேலை செய்யும் ஒரு பெரியவர் இழைப்புளியின் அலகு ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய ஆசான் கொடுத்ததாம், கெட்டியான பழைய கார்பன் எஃகு. வாயில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பல் உடைந்திருந்தது. ஆணியில் பட்டிருக்கிறது.

பல் போன வாயை நிமிர்த்த ஒரே வழிதான் இருக்கிறது. உடைந்த இடத்தின் அடிவரை மொத்த வாயையும் பின்னால் கொண்டுபோக வேண்டும். கையால் செய்தால் நெடுநேரம் ஆகும் என்று கிரைண்டரை ஓட்டினேன். அவ்வப்போது தண்ணீரில் நனைத்தேன், எல்லோரும் சொல்வது மாதிரி. கடைசியாக ஒருமுறை அலகின் இடது மூலையில் சற்று அழுத்தினேன். கையை எடுத்துப் பார்க்கும்போது மூலையில் வைக்கோல் நிறம் ஓடி, அதன் நுனியில் நீலம் பாய்ந்திருந்தது.

உளிகளும் இழைப்புளி அலகுகளும் கார்பன் எஃகில் செய்யப்படும்போது பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பதம் ஏற்றப்படுகின்றன. வைக்கோல் நிறம் தெரிந்தால் வெப்பம் 220-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். நீலம் என்றால் 300-ஐ நெருங்கிவிட்டது. நிறத்தைத் தேய்த்து மறைத்துவிடலாம், உள்ளே இளகிய இரும்பு இறுகாது. வாய் மிக மெல்லியது, சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே உடம்பே இல்லை. தண்ணீருக்குள் போவதற்கு முந்தைய அந்த இரண்டு நொடியில் பதம் போய்விடுகிறது. போன பிறகு நனைத்து என்ன பயன்?

நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மில்லிமீட்டரில் முடிந்திருக்க வேண்டிய வேலை நான்கு மில்லிமீட்டரைத் தின்றது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன், கூலி வாங்கவில்லை. அவர் அலகை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல இன்னும் இருபது வருஷம் இருந்துச்சு. இப்ப எவ்வளவு மிச்சம்னு எனக்குத் தெரியல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு கருவியில் தேய்க்கக்கூடிய இரும்பு அளவானது. அது அதன் சொந்தக்காரருடைய ஆண்டுகள். நான் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து எடுக்கிறேன். அப்படியானால் நான் விற்பது கூர் மட்டும் இல்லை, எவ்வளவு குறைவாக எடுத்து அந்தக் கூரைத் தருகிறேன் என்பதும் சேர்ந்துதான். மறுநாள் குறிப்பேட்டில் ஒரு புதிய பத்தியைக் கோடு போட்டுச் சேர்த்தேன்: வந்தபோது அளவு, போகும்போது அளவு. வெர்னியர் காலிப்பரை மேசையிலேயே வைத்துக்கொண்டேன்.

அந்தப் பத்தி மாற்றியவை

முதலில் மாறியது எந்திரம். 150 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 2,850 சுற்று ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் போகிறது. நீரில் நனைந்தபடி மெதுவாகச் சுழலும் சாணை எந்திரங்களில் 250 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சுற்றுதான் ஓடும். விளிம்பு வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் கூட வராது. ஏறத்தாழ 19 மடங்கு வித்தியாசம். நீர் எப்போதும் வாயின் மேல் ஓடிக்கொண்டே இருப்பதால் சூடு ஏறவே இடமில்லை. 1973-இல் சுவீடனில் தொடங்கிய டார்மெக் நிறுவனத்தின் எந்திரங்கள் இந்த வகைக்குப் பேர்போனவை. வேறு பல நிறுவனங்களும் இதே அமைப்பில் செய்கின்றன. நான் வாங்கியது பழையது, இன்னொருவர் கைமாற்றியது. சேமிப்பில் பாதி போனது. யோசித்துத்தான் வாங்கினேன், இன்றுவரை வருந்தவில்லை.

மேசை கிரைண்டரைத் தூக்கிப் போடவில்லை. மண்வெட்டி, கோடரி, புல்வெட்டும் எந்திரத்தின் பிளேடு போன்ற தடித்த இரும்புக்கு அது போதும். டிரில் பிட்டுக்கும் அதுதான். பெரும்பாலான பிட்டுகள் செய்யப்படும் அதிவேக எஃகு சுமார் 600 டிகிரி வரை கடினத்தை இழக்காது என்பதால் அங்கே லேசாக நிறம் மாறினால் பதறத் தேவையில்லை. எந்த இரும்பு என்று தெரியாமல் எந்தக் கல்லையும் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

உளிகளுக்கு இன்னொரு பழக்கம் வந்தது. முழுச் சரிவையும் 25 டிகிரியில் விட்டுவிட்டு, வாயின் ஓரத்தை மட்டும் 30 டிகிரியில் ஒரு மயிரிழை அளவுக்குத் தீட்டுவது. அடுத்த முறை வரும்போது அந்த மயிரிழையைத் தொட்டால் போதும், ஏழெட்டு இழுப்பில் பிசிறு எழுந்துவிடும். தச்சர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. நான் அளவு எழுத ஆரம்பித்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது.

சமையலறைக் கத்திகளில் வேறு விதமான சிக்கல். ஐரோப்பிய பாணிக் கத்திகள் பொதுவாக ஒரு பக்கத்துக்கு 20 டிகிரியை ஒட்டி வரும், ஜப்பானியக் கத்திகள் 15 அல்லது அதற்கும் கீழே. எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் முன்னவை 54 முதல் 58, பின்னவை பெரும்பாலும் 60-ஐத் தாண்டும். எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் தேய்த்தால் பழைய சரிவை அழித்துப் புதிதாக ஒன்றைச் செதுக்குகிறோம், அதற்கு ஏகப்பட்ட இரும்பு போகும். அதனால் வாயில் முதலில் மார்க்கர் மையைப் பூசிவிடுகிறேன். கல்லில் ஒரே ஒரு இழுப்பு. மை எங்கே அழிந்ததோ அங்கேதான் கல் படுகிறது. மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கத்தியைக் கொஞ்சம் தூக்க வேண்டும், வாயோரம் மட்டும் அழிந்தால் இறக்க வேண்டும். 45 மி.மீ. அகலக் கத்திக்கு 15 டிகிரி என்றால் முதுகு கல்லிலிருந்து 11.6 மி.மீ. உயரத்தில் நிற்கும், 20 டிகிரி என்றால் 15.4. இந்த உயரங்களுக்கு மரச் சில்லுகளை வெட்டி வைத்திருக்கிறேன். தொடங்குமுன் சில்லை வைத்துக் கைக்கு ஒரு நினைவு கொடுத்துவிட்டு எடுத்துவிடுவேன்.

எண்ணிக்கை கூடியபோது கத்திகளுக்காக, தேய்க்கும் துகள் ஒட்டிய பட்டை சுழலும் ஒரு சிறிய பெல்ட் எந்திரம் வாங்கினேன். அதில் எண்களைப் பார்த்து ஒருமுறை ஏமாந்தேன். பெல்ட்டில் பி1000 என்று போட்டிருந்தால் துகள் சுமார் 18 மைக்ரான். ஜப்பானிய அளவுமுறையில் வரும் 1000 நீர்க்கல்லின் துகள் 11, 12 மைக்ரான்தான். ஒரே எண் என்று நம்பி பெல்ட்டிலிருந்து நேராகத் தோல் பட்டைக்குப் போனால் கீறல் மிச்சமிருக்கும்.

பெல்ட்டில் இரண்டு இடங்களில் கத்தி கெடும். நுனியைப் பெல்ட்டுக்கு வெளியே இழுத்துவிட்டால் பெல்ட் வளைந்து நுனியை உருட்டிவிடும். நுனி பெல்ட்டின் நடுவில் இருக்கும்போதே கையைத் தூக்கிவிட வேண்டும். குதிகாலில் தயங்கி நின்றால் அங்கே ஒரு பள்ளம் விழும். வாயைத் தட்டையான பலகையில் வைத்தால் அந்த இடம் மட்டும் பலகையைத் தொடாது. அந்தக் கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் நறுக்கியது முழுசாகப் பிரியாது, நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். வேறெங்கோ இப்படி ஆகி என்னிடம் வந்த கத்திகள் நிறைய. பள்ளத்தைச் சரிசெய்ய மொத்த வாயையும் இறக்க வேண்டும், மறுபடியும் இரும்பு.

நிமிடக் கணக்கு

முதல் மாதத்தில் ஒரு சாதாரணக் கத்திக்கு எனக்கு 25 நிமிடம் ஆனது. வெறுமனே கூர் ஏற்றிய நேரம் அதில் பாதிகூட இல்லை. மீதி முழுக்க கல்லை மாற்றுவது, நனைப்பது, கோணத்தைத் திருத்துவது, துடைப்பது. ஒரு கத்தி, அடுத்து ஒரு கத்தரிக்கோல், அப்புறம் உளி, மறுபடியும் கத்தி என்று வந்த வரிசையிலேயே செய்துகொண்டிருந்தேன்.

ஏட்டைப் பார்த்த பிறகு வரிசையை மாற்றினேன். கருவிகள் நாள் முழுக்க வரட்டும், அவற்றைக் கோணத்தின்படி அடுக்கி வைத்துக்கொள்வேன். 20 டிகிரி எல்லாம் ஒரே மூச்சில் முரட்டுக் கல்லில், அப்புறம் எல்லாம் நடுக்கல்லில், கடைசியில் எல்லாம் தோல் பட்டையில். பெல்ட்டும் வந்த பிறகு ஒரு கத்திக்கு 9 நிமிடம் என்று நிலைத்தது. உடைந்த நுனி, பல் போன வாய், பல வருடம் தீட்டி வாய்க்கு மேலே தடித்துப்போனவை ஆகியவை தனிக் கணக்கு. கடைசியாகச் சொன்னது பலருக்குப் புரியாத விஷயம். கத்தியின் குறுக்குவெட்டு ஆப்பு மாதிரி. வாய் மேலே மேலே ஏறும்போது தடித்த இடத்துக்குப் போய்விடுகிறது. அங்கே எவ்வளவு கூர் வைத்தாலும் பொருளுக்குள் நுழைந்து பிளக்குமே தவிர வெட்டாது. பக்கங்களையும் மெலிய வைத்தால்தான் பழைய குணம் திரும்பும்.

விலையை இந்த நிமிடங்களிலிருந்துதான் எடுத்தேன். மாதச் செலவு, கல் தேய்மானம், என் கூலி மூன்றையும் கூட்டி, வேலை செய்யும் நிமிடங்களால் வகுத்தால் ஒரு நிமிடத்தின் விலை கிடைக்கும். வாடிக்கையாளரிடம் நிமிடக் கணக்கு பேச முடியாது, அதனால் அதை வாயின் நீளத்துக்கு மாற்றினேன். இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு, பல் போயிருந்தால் கூடுதல். கேட்ட உடனே தொகை சொல்ல முடிவதே பாதி நம்பிக்கை.

வீட்டுக் கத்திகளை மட்டும் நம்பினால் வண்டி ஓடாது என்பதையும் ஏடுதான் காட்டியது. ஒரு வீட்டிலிருந்து கத்தி வந்தால் அடுத்த முறை வர ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். தையற்காரர், தச்சர், தோட்ட வேலை செய்பவர், உணவகச் சமையற்காரர் ஆகியோர் வாரக் கணக்கில் திரும்பி வருகிறார்கள். இப்போது என் நேரத்தில் பெரும்பங்கு அவர்களுடையது.

எடுக்காத வேலைகள்

முடி திருத்தும் கத்தரிகளை நான் எடுப்பதில்லை. அவற்றின் வாய் தட்டையான சரிவாக இல்லாமல் மெல்லக் குவிந்து வரும், உட்பக்கம் குழிந்திருக்கும். அதைக் காப்பாற்றத் தனிக் கருவியும் தனிப் பயிற்சியும் வேண்டும். சாதாரணக் கல்லில் வைத்தால் முதல் இழுப்பிலேயே அதன் வடிவம் போய்விடும். கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் பல் வைத்த வட்ட ரம்பத்தையும் எடுப்பதில்லை. அதற்கு வைரச் சக்கரம் வேண்டும் என்பது ஒரு காரணம். கார்பைடைத் தேய்க்கும்போது கோபால்ட் கலந்த தூசி பறக்கும், அது நுரையீரலுக்குக் கெடுதல் என்பது பெரிய காரணம். வீட்டுக்குள் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இல்லை என்று சொல்ல ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியவர்களில் சிலர் மறுவாரமே கத்திகளோடு வந்தார்கள்.

தையற்கத்தரியை எடுக்கிறேன், ஆனால் உட்பக்கத்தைத் தொடுவதில்லை. இரண்டு அலகும் அந்த உட்குழிவால்தான் ஒரே ஒரு புள்ளியில் உரசிக்கொண்டு, அந்தப் புள்ளி அடியிலிருந்து நுனிவரை நகர்ந்து போகிறது. பிசிறை எடுக்கிறேன் என்று உட்பக்கத்தைத் தட்டையாக்கினால் துணி வெட்டுப்படாமல் இடையில் மடங்கிக்கொள்ளும். வெளிச்சரிவைத் தீட்டிவிட்டு, கத்தரியை மெதுவாக மூடித் திறந்தாலே பிசிறு உதிர்ந்துவிடும். அப்புறம் திருகாணியைப் பார்க்க வேண்டும். ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரித்து விட்டால் அது தானாக இறங்கி வழியில் நிற்க வேண்டும். தடாலென்று மூடிக்கொண்டால் தளர்ந்திருக்கிறது. மழுங்கிவிட்டது என்று வந்த பல கத்தரிகளுக்குத் திருகாணியை முறுக்கியது மட்டுமே என் வேலை. அதற்குக் காசு வாங்குவதில்லை. இரும்பே குறையாத வேலை அது.

தூசி

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் சாணை பிடித்தவர்கள் இளம் வயதிலேயே மூச்சுத் திணறி இறந்தார்கள். மணற்கல் சக்கரங்களிலிருந்து பறந்த சிலிக்கா தூசிதான் காரணம். உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டியவர்களுக்குப் பாதிப்பு இன்னும் கடுமை. 1891-இல் எட்வர்ட் அச்சேசன் சிலிகான் கார்பைடைச் செயற்கையாக உருவாக்கினார். அதுபோன்ற செயற்கைத் துகள்கள் பெருகி மணற்கல்லின் இடத்தைப் பிடித்தன. இன்றைய கற்களில் அந்த ஆபத்து குறைவு, ஆனாலும் எஃகுத் தூசி தூசிதான். வீட்டில் முடிந்த வரை நீரில் வைத்தே தேய்க்கிறேன். பெல்ட் ஓடும்போது துகள் வடிகட்டும் முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம், கையுறை கூடாது. சுழலும் சக்கரம் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தீப்பொறி விழும் இடத்தில் மரத்தூள் இருக்கக் கூடாது. அலுமினியம் தேய்த்த தூசியும் இரும்புத் தூசியும் ஒரே இடத்தில் சேரக் கூடாது, அந்தக் கலவை பற்றிக்கொண்டால் அணைக்க முடியாத சூட்டில் எரியும்.

புதிய சாணைச் சக்கரத்தைப் பூட்டும் முன் விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டிப் பார்க்கிறேன். மணி மாதிரி ஒலித்தால் சரி. தொப்பென்று சத்தம் வந்தால் உள்ளே விரிசல், அதை உடைத்துப் போட்டுவிட வேண்டும். சத்தத்தைப் பொறுத்தவரை பெல்ட்டை இரவு எட்டு மணிக்குப் பிறகு ஓட்டுவதில்லை. வீட்டில் தொழில் நடத்த வேண்டிய அனுமதிகளைத் தொடக்கத்திலேயே விசாரித்து வாங்கிவிட்டேன்.

திருப்பிக் கொடுக்கும்போது

முதல் ஆண்டில் ஓர் அம்மா கத்தியை வாங்கிப்போன அன்று மாலையே விரலில் கட்டோடு வந்தார். கத்தியில் குறையில்லை. மொண்ணைக் கத்தியை அழுத்தி அழுத்தி வெட்டிப் பழகிய கை, கூரானதையும் அதே பலத்தில் அழுத்தியிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு கத்தியும் கெட்டி அட்டை உறையில்தான் போகிறது. கையில் கொடுக்கும்போது ஒரு தாளை அவர்கள் கையாலேயே வெட்டிப் பார்க்கச் சொல்கிறேன். அழுத்தாமல் இழுத்தாலே போதும் என்று கை அங்கேயே கற்றுக்கொள்கிறது. கண்ணாடிப் பலகையில் வெட்ட வேண்டாம், மற்ற பாத்திரங்களோடு போட்டுக் கழுவ வேண்டாம் என்று இரண்டு வார்த்தையும் சொல்லி அனுப்புகிறேன். அவர்கள் அதைக் கேட்டால் என்னிடம் வரும் நாள் தள்ளிப்போகும்தான். தள்ளிப்போகட்டும்.

அந்தத் தச்சர் ஏழு மாதம் வரவில்லை. பிறகு ஒருநாள் ஒரு சின்ன உளியோடு வந்தார். நான் அளவெடுப்பதையும் மை பூசுவதையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப அளந்து எண்ணைக் காட்டினேன். "அண்ணே, குறைஞ்சது இவ்வளவுதான்" என்றேன். உளியை விரலில் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அந்த இழைப்புளி அலகையே எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகு அது ஆறு முறை வந்திருக்கிறது. நடுத்துளையின் விளிம்பிலிருந்து வாய் வரை ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுகிறேன். கடைசிப் பதிவில், வந்தபோது 38.4 மி.மீ., போகும்போது 38.3.